நினைவு தவறிய காமிரா

கரிசல் நிலம் பரந்து கிடக்கும் விருதுநகர் மாவட்டத்தில் சூலக்கரை என்பது ஓர் ஊர். விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் நெடுஞ்சாலையின் பக்கத்தே அமைந்தது அது. சிவகாசியும் அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. வானம் பார்த்த இப்பூமியில் மழையை மட்டும் நம்பி வாழ இயலாத மக்கள் கைத்தொழிலைத் துணையாகக் கொண்டனர். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா நகருக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் இட்ட வித்து முளைத்துக் கிளைத்தது. தீப்பெட்டியோடு பட்டாசும், அவற்றின் மேலுறைகளை அச்சிடும் தேவையால் அச்சுத் தொழிலும் அங்கே தழைத்தன. இன்று நாட்டின் பல பகுதிகளில் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகள் சிவகாசியில் அச்சானவை. ஊருக்கெல்லாம் நாள் காட்டும் அவ்வட்டாரத்திலே, தனக்கே நாள் தெரியாமல் விழித்த ஒரு கருவியைப் பற்றியது இப்பாடம்.

சூலக்கரையில் நிழற்படத் தொழில் செய்யும் ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். அவனிடம் டிஜிட்டல் காமிராக்கள் இரண்டு உள்ளன. திருமணம், காதணி விழா முதலியவற்றிற்குப் புதிய காமிராவைக் கொண்டு செல்வான். வாணவெடிகளைப் படம் எடுக்கும்போது மட்டும் பழைய காமிராவைக் கையில் எடுப்பான். புகையும் சாம்பலும் படியும் இடத்திற்குப் புதிய கருவியைக் கொண்டு செல்ல அவன் மனம் இசைவதில்லை. பட்டாசுப் பெட்டிகளின் மேலுறையிலும் விலைப் பட்டியலிலும் அச்சிடுவதற்கு அவன் எடுக்கும் படங்கள் பயன்படும்.

வாணவெடியைப் படம் எடுத்தல் எளிய செயலன்று. வெடி மேலே சென்று மலர்ந்து உதிர்வது சில நொடிகளில் முடிந்துவிடும். அம்மலர்ச்சி முழுவதும் ஒரே படத்தில் பதிய வேண்டுமாயின், காமிராவை முக்காலியின்மேல் அசையாது நிறுத்தி, ஷட்டர் என்னும் கதவு மூன்று நான்கு நொடிகள் திறந்திருக்குமாறு செய்தல் வேண்டும். ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100 என்னும் தாழ்ந்த அளவில் வைத்தல் வேண்டும். லென்சின் துளையைச் சுருக்கி 11 என்னும் எண்ணில் நிறுத்தல் வேண்டும். இருளில் காமிரா தானே குவியம் தேடித் தடுமாறாதபடி, குவியத்தைக் கையாலேயே அமைத்தல் வேண்டும். இத்தகைய அமைப்புகளைக் கடைத்தெருவில் 'செட்டிங்' என்று கூறுவர். பல தீபாவளிகளில் பல நூறு படங்களைப் பாழாக்கிய பின்னரே அவ்விளைஞன் தனக்கேற்ற அமைப்புகளைக் கண்டறிந்தான். அவற்றைக் காமிராவிலேயே வைத்திருந்தான். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

மாசித் திங்களில் ஒருநாள், புதிய வகை வாணவெடி ஒன்றைச் சோதனையாக வெடித்துப் பார்க்கப் போவதாகவும், அதனைப் படம் எடுத்துத் தருமாறும் அவனுக்கு அழைப்பு வந்தது. சோதனைக்கெனச் செய்யப்பட்ட வெடிகள் மூன்றே. இரவு கவிந்தது. இளைஞன் முக்காலியை நிறுத்திக் காமிராவை இயக்கினான். உடனே அதன் திரையில் நாளையும் நேரத்தையும் குறிக்குமாறு ஓர் அறிவிப்புத் தோன்றியது. பழைய ஆண்டொன்றின் முதல் நாளைக் காமிரா காட்டிற்று. காலம் தாழ்க்க விரும்பாத அவன், ஒரு பொத்தானை அழுத்தி அவ்வறிவிப்பை அகற்றிவிட்டு, வானத்தை நோக்கிக் காத்திருந்தான்.

முதல் வெடி சீறி எழுந்து மலர்ந்தது. இளைஞன் பொத்தானை அழுத்தினான். காமிரா இருளில் குவியம் தேடி முன்னும் பின்னும் உழன்றதேயன்றிப் படம் எடுக்கவில்லை. இரண்டாம் வெடிக்குள் அவன் குவியத்தைச் சரிசெய்தான். ஆயினும் ஷட்டர் ஒரு நொடியின் நூற்றிலொரு பங்கினும் குறைந்த நேரமே திறந்து மூடியமையால், விரிந்த பூ பதியாமல் சிதறிய புள்ளிகளே பதிந்தன. மூன்றாம் வெடிக்கு எல்லாவற்றையும் பதற்றத்தோடு மாற்றினான். மாற்றி முடிப்பதற்குள் வெடி உதிர்ந்துவிட்டது. படத்தில் புகை மட்டுமே எஞ்சியது. மணமக்களை மீண்டும் ஒருமுறை மாலை மாற்றச் சொல்லலாம். எரிந்த வெடியை மீண்டும் எரியச் சொல்ல முடியுமா? அன்றிரவு இளைஞன் தலை கவிழ்ந்து வீடு திரும்பினான்.

மறுநாள் காலையில் அவன் காமிராவைப் பழுது பார்க்கத் தொடங்கினான். மெமரி கார்டு கெட்டிருக்கலாம் என்று கருதிப் புதியதொன்றை வாங்கிச் செருகினான். காமிராவின் பட்டியலுக்குள் சென்று எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தான். பின்னர்த் தன் அமைப்புகளை ஒவ்வொன்றாக மீண்டும் பதித்தான். ஒரு மணி நேரம் கருவி ஒழுங்காக இயங்கிற்று. கார்டுதான் குற்றவாளி என்று அவன் மனம் தேறினான். மின்கலத்தில் மின் குறைந்திருந்தமையால் அதனைக் கழற்றி மின்னூட்டி மாலையில் மீண்டும் இட்டான். காமிரா பழையபடியே நாளைக் கேட்டது. அமைப்புகள் யாவும் மறைந்திருந்தன.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாற்றங்களைச் செய்பவன், எதனால் நன்மை விளைந்தது, எதனால் விளையவில்லை என்பதை அறிய மாட்டான். ஒன்றை மாற்றுதல், விளைவை நோக்குதல், பின்னரே மற்றொன்றை மாற்றுதல் என்பது பழுதுபார்ப்போர் முதலிற் கற்க வேண்டிய பாடம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவனுக்கு வகுத்த முறை இவர்களுக்கும் பொருந்துவதாகும். இளைஞனோ நோயை ஆராயாமல் மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தான்.

விருதுநகர்க் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் இளைஞன் தன் குறையைக் கூறினான்.

"ஐயா, இக்காமிரா ஊரார் முன்னிலையில் என் மானத்தை வாங்கிவிட்டது. வந்த விலைக்கு இதனை விற்றுவிடப் போகிறேன்."

முதியவர் கண்ணில் பொருத்தியிருந்த உருப்பெருக்கியை எடுத்துக் கீழே வைத்தார்.

"விற்பது பிறகு இருக்கட்டும், தம்பி. அமைப்புகள் மட்டும் மாறினவா, நாளும் மாறியதா?"

"நாளும் மாறியது, ஐயா. ஏதோ பழைய ஆண்டைக் காட்டியது. நான் அதனைப் பொருட்படுத்தவில்லை."

"அங்கேதான் காமிரா உன்னிடம் தன் நோயைச் சொல்லிற்று, நீ கேளாமல் விட்டாய். மின்கலம் உள்ளே இருக்கும்போது மறக்கிறதா? கழற்றி இடும்போது மறக்கிறதா?"

"கழற்றி இடும்போதுதான்."

"இதற்கு முன் இதனைப் பயன்படுத்தியது எப்போது?"

"தீபாவளிக்கு முன். அதன்பின் நான்கு திங்கள் பெட்டியில் இருந்தது. நெடுநாள் பயன்படுத்தாத கருவியில் மின்கலம் இருத்தல் ஆகாது என்று கேட்டிருக்கிறேன். ஆகையால் அதனைக் கழற்றித் தனியே வைத்தேன்."

முதியவர் புன்முறுவல் செய்தார். "நீ செய்தது தவறன்று, தம்பி. ஆனால் ஒரு வாயை மூடும்போது மற்றொரு வயிற்றையும் பட்டினி போட்டுவிட்டாய்" என்றார்.

அவர் கூறியதன் பொருளை அறிய வேண்டுமாயின், காமிரா எவ்வாறு நினைவு வைத்துக்கொள்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

முன்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவர்கள் மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுதிப் பழகினர். எழுதுவதும் அழிப்பதும் எளிது. ஆனால் ஒரு காற்று வீசினால் எழுத்து மறைந்துவிடும். நிலைத்து நிற்க வேண்டியவற்றை எழுத்தாணி கொண்டு பனையோலையில் கீறி வைத்தனர். ஓலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் எழுத்து அழிவதில்லை. டிஜிட்டல் காமிராவுக்குள்ளும் இவ்விரு வகை நினைவகங்களும் உள்ளன. மணலை ஒத்த நினைவகம் மின்சாரம் உள்ளவரை மட்டும் தன்பால் உள்ளதைக் காக்கும். மின்சாரம் நின்ற அளவில் யாவற்றையும் இழக்கும். ஓலையை ஒத்த நினைவகம் மின்சாரம் நின்ற பின்னும் தன்பால் உள்ளதை இழப்பதில்லை. இவ்விரண்டாம் வகையைச் சார்ந்த 'பிளாஷ்' நினைவகத்தை ஜப்பான் நாட்டு அறிஞர் ஃபுஜியோ மசுவோகா 1984-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். நாம் செருகும் மெமரி கார்டு இவ்வகையினது. ஆதலினால்தான் காமிரா தன் அமைப்புகளை மறந்தபோதும், கார்டில் இருந்த பழைய படங்கள் ஒன்றும் அழியவில்லை.

பதிதல் என்பது தொடக்கத்திலிருந்தே டிஜிட்டல் காமிராவின் உயிர்நாடி. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்பார் செய்த முதற் கருவி ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடை உடையது. அது ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிப்பதற்கு 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்று அதே வேலை இமைப்பொழுதில் முடிகிறது.

காமிராவுக்குள் ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. காமிராவை நிறுத்திய பின்னும் அது நிற்றல் கூடாது. அக்கடிகாரத்தின் இதயம் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பாயும்போது அது நொடிக்கு 32,768 முறை அதிரும். இவ்வெண்ணைப் பாதியாக்கி, அப்பாதியை மீண்டும் பாதியாக்கி, இவ்வாறு 15 முறை செய்தால் 1 என்னும் எண் கிடைக்கும். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கடிகாரத்தின் மின்சுற்று இவ்வாறு பாதியாக்கியே ஒரு நொடியை அளக்கிறது. முதியவர் நாள்தோறும் பழுதுபார்க்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களிலும் இத்தகைய படிகமே உள்ளது. ஆதலின் காமிராவின் நோய் அவருக்குப் புதியதன்று.

முதன்மை மின்கலத்தைக் கழற்றிய நேரத்தில் இக்கடிகாரத்திற்கு உணவளிப்பது எது? காமிராவின் உள்ளே பொத்தான் அளவினதாகிய மற்றொரு சிறு மின்கலம் இருக்கிறது. பல காமிராக்களில் அது மீண்டும் மீண்டும் மின்னூட்டப்பெறும் வகையினது. முதன்மை மின்கலம் உள்ளே இருக்கும்போது, அதனிடமிருந்து சிறிது சிறிதாக மின்சாரத்தைப் பெற்றுத் தன்னை நிரப்பிக்கொள்ளும். முதன்மை மின்கலம் வெளியே சென்றபோது, தான் சேர்த்து வைத்ததைக் கொண்டு கடிகாரத்தை ஓட்டும். சில காமிராக்களில் இச்சிறு மின்கலம் கடிகாரத்தை மட்டும் காக்கும். அமைப்புகள் ஓலை போன்ற நினைவகத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் நாளோடு அமைப்புகளையும் இதுவே காக்கும். இளைஞனின் காமிரா இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இச்சிறு மின்கலத்தின் சேமிப்பும் அளவுடையதே. முதன்மை மின்கலம் இன்றி ஏறத்தாழ 3 திங்கள் வரை அது தாங்கும் என்று சில காமிராக்களின் கையேடுகள் கூறும். இளைஞன் 4 திங்கள் வெறுமையாக வைத்தான். சிறு மின்கலம் தன் இறுதித் துளியையும் செலவிட்டு ஓய்ந்தது. அழைப்பு வந்த அன்று அவன் முதன்மை மின்கலத்தை இட்டவுடன் கருவி விழித்ததேனும், தான் யார், இன்று என்ன நாள் என்பதை அறியாத பித்தனைப் போல விழித்தது. மறுநாள் சில மணி நேரமே உணவு பெற்றமையால், மின்கலத்தைக் கழற்றிய அளவில் மீண்டும் மறந்தது. எல்லையற்ற அன்பினால் தாய் செய்யும் சில செயல்கள் குழந்தைக்குத் தீமையாய் முடிவதுண்டு; அதுபோல் இளைஞன் காப்பதற்கென்று செய்த செயலே நினைவிழப்புக்குக் காரணமாயிற்று.

நோயின் காரணம் தெரிந்தது, அடுத்தது மருந்து. முழுவதும் மின்னூட்டிய முதன்மை மின்கலத்தைக் காமிராவில் இட்டு, கருவியை நிறுத்திய நிலையில் இரண்டு நாள் தொடாமல் வைக்குமாறு முதியவர் கூறினார். 24 மணி நேரமோ அதற்கு மேலோ இவ்வாறு வைக்குமாறு கையேடுகளும் கூறுகின்றன. மூன்றாம் நாள் இளைஞன் நாளையும் அமைப்புகளையும் பதித்துக் காமிராவை முறையாக நிறுத்தினான். பின்னர் மின்கலத்தைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் இட்டான், கருவி மறக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்து இட்டான், மறக்கவில்லை. ஓர் இரவு முழுவதும் கழற்றி வைத்துக் காலையில் இட்டான், அப்போதும் மறக்கவில்லை. மகிழ்ச்சியால் துள்ளிய அவன், முதியவரின் சொற்படி மற்றொரு முறை நன்கு மின்னூட்டிய பின், ஏழு நாள் கழற்றி வைத்துச் சோதித்தான். எட்டாம் நாள் காமிரா மீண்டும் நாளைக் கேட்டது.

இதனால் இரண்டு செய்திகள் புலனாயின. பட்டினியால் மெலிந்த சிறு மின்கலம் உணவு பெற்றுத் தேறிற்று என்பது ஒன்று. ஆயினும் முதுமையினால் முன்போல் நெடுநாள் தாங்கும் வலிமையை அஃது இழந்துவிட்டது என்பது மற்றொன்று. மின்னூட்டுவதனால் மட்டும் முதுமை நீங்குவதில்லை. ஆதலின் அச்சிறு மின்கலத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் மாணவர்கள் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். சில காமிராக்களில் இச்சிறு மின்கலம், முதன்மை மின்கலம் வைக்கும் அறையிலேயே ஒரு சிறு தட்டில் இருக்கும். கையேட்டைப் பார்த்து அதனை எவரும் மாற்றலாம். பல காமிராக்களில் அது உட்பலகையின்மேல் ஈயப் பற்று வைத்து இணைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பயிற்சி இல்லாதவர் திறத்தல் கூடாது. காமிராவின் பிளாஷ் விளக்குக்கென உள்ளே அமைந்த மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். மின்கலத்தைக் கழற்றிய பின்னும் அது தங்கியிருந்து, தொடுபவரைத் தாக்கும். மேலும், மின்னூட்டப்பெறும் வகை மின்கலம் இருந்த இடத்தில், மின்னூட்டக் கூடாத சாதாரண லித்தியம் மின்கலத்தை வைத்தல் பெருந்தவறு. இரண்டும் உருவத்தில் ஒத்திருக்கும், இயல்பில் வேறானவை. மின்னூட்டக் கூடாததன்மேல் மின்சாரம் பாய்ந்தால் அது கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். பொத்தான் மின்கலங்களைச் சிறுகுழந்தைகளின் கைக்கு எட்டுமாறு வைத்தலும் ஆகாது. விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்திலேயே கொடிய புண்ணை உண்டாக்கிவிடும். அத்தகைய நிலையில் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சூலக்கரை இளைஞன் காமிராவைத் தானே திறக்கவில்லை. மதுரையில் அத்தொழில் அறிந்த ஒருவரிடம் கொடுத்து, அதே வகைச் சிறு மின்கலத்தைப் பொருத்தச் செய்தான். அதன்பின் எத்தனை நாள் முதன்மை மின்கலத்தைக் கழற்றி வைத்தாலும் நாள் மாறவில்லை. எனினும் அவனுடைய தொல்லை முற்றும் தீர்ந்தபாடில்லை. ஒரு மாலையில் வீட்டு மாடியில் நின்று பயிற்சியாகப் படம் எடுத்தபோது, தான் முன்னாள் மாற்றிய ஐ.எஸ்.ஓ. எண் பழைய நிலைக்கே திரும்பியிருக்கக் கண்டான். சினங்கொண்டு மீண்டும் முதியவரிடம் ஓடினான்.

"ஐயா, நோய் திரும்பிவிட்டது! மதுரையில் என்னை ஏமாற்றிவிட்டனர்."

"நாள் சரியாக இருக்கிறதா, தம்பி?"

"சரியாகத்தான் இருக்கிறது."

"அங்ஙனமாயின் மின்கலத்தின் மேலும் பழியில்லை, அதனை மாற்றியவர் மேலும் பழியில்லை. நாள் மாறாமல் அமைப்பு மட்டும் மாறினால், காரணத்தை வேறிடத்தில் தேடு. மேலே உள்ள வட்டத் திருகை எந்த எழுத்தில் வைத்திருக்கிறாய்?"

இளைஞன் பார்த்தான். வெடிக்குரிய அமைப்புகளை ஒரே திருப்பலில் பெறும்பொருட்டு, அவன் அவற்றை 'சி1' என்னும் தனியிடத்தில் பதித்து வைத்திருந்தான். அவ்விடத்தின் இயல்பு ஒன்றுண்டு. அங்கே முன்பு பதித்தவை யாவையோ, அவையே ஒவ்வொரு முறை காமிராவை இயக்கும்போதும் தோன்றும். இடையில் செய்யும் மாற்றங்களை மீண்டும் பதித்தாலன்றி, காமிராவை நிறுத்தியவுடன் அவை மறையும். இது பழுதன்று, அமைத்தவர் வேண்டுமென்றே அமைத்த முறை. இளைஞன் மாற்றினான், பதிக்கவில்லை. பதியாததை மறந்துவிட்டது என்று காமிராவைக் குற்றஞ் சாட்டினான்.

ஒரே அறிகுறி இருவேறு நோய்களுக்கு உரியதாதலை இதனால் அறிகிறோம். நாளும் அமைப்புகளும் ஒருங்கே மறைந்தால், முதலில் உள்ளிருக்கும் சிறு மின்கலத்தை ஐயுறுதல் வேண்டும். நாள் நிலைத்திருக்க அமைப்புகள் மட்டும் மாறினால், திருகின் நிலையையும், பதித்த முறையையும், கை தவறி அழுத்திய பொத்தான்களையும் ஆராய்தல் வேண்டும். சில காமிராக்களில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சிறிது நேரம் அழுத்தினால் எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குச் செல்லும். முதன்மை மின்கலம் உள்ளே இருக்கும்போதே கருவி அடிக்கடி நின்று மறக்குமாயின், மின்கலம் தளர்ந்திருத்தலோ, அதன் உலோக முனைகளில் அழுக்குப் படிந்திருத்தலோ, அறையின் கதவு சரியாக மூடாமையோ காரணமாகலாம். உலர்ந்த தூய துணியால் முனைகளைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும். காமிராவை நிறுத்தாமல் மின்கலத்தை வெடுக்கெனப் பிடுங்கும் பழக்கமும் தீயது. பல கருவிகள் தம்மை நிறுத்தும் நேரத்திலேயே புதிய அமைப்புகளை நிலைத்த நினைவகத்தில் எழுதுகின்றன. எழுதிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து ஓலையைப் பறித்தால் எழுத்து எவ்வாறு முற்றுப்பெறும்?

நாள் தவறுதல் சிறு குற்றம் என்று எவரும் எண்ணுதல் வேண்டா. காமிரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளும் எடுத்த நாளும் நேரமும் பொதிந்து வைக்கப்படுகின்றன. மழையில் இடிந்த சுவரையும், விபத்தில் சிதைந்த வண்டியையும், வெள்ளம் அழித்த பயிரையும் படம் எடுத்து இழப்பீடு கேட்பவர் பலர். அப்படம் பழைய ஆண்டின் நாளைக் காட்டுமாயின், உண்மையே ஐயத்திற்கு இடமாகும். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்குரிய முறைகளை, 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு விரித்துரைக்கிறது. வழக்கு மன்றம் வரை செல்லும் தகுதி ஒரு நிழற்படத்திற்கு உண்டு. ஆதலின் நிழற்படம் எடுப்பவன் ஒரு வகையில் ஊரின் கணக்கனும் ஆவான்.

தவறிய நாளோடு எடுத்த படங்களைத் திருத்துவதற்கும் வழி உண்டு. காமிராவின் கடிகாரத்தை மாற்றுவதற்கு முன், சரியான நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்றையும் நாட்காட்டியையும் ஒருசேரப் படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும். அப்படத்தில் காணும் உண்மையான நாளுக்கும், காமிரா அப்படத்திற்குக் குறித்த நாளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, கணிப்பொறியின் துணையால் அவ்வேறுபாட்டை மற்றப் படங்களுக்கும் கூட்டலாம். இடையில் கடிகாரம் நில்லாமல் ஓடியிருந்தால் மட்டுமே இம்முறை பயன்படும். மூலப் படத்தை மாற்றாமல், அதன் படியிலேயே திருத்தம் செய்தல் நேர்மையான முறையாகும்.

பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளர், நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு, தம் உடலில் சேர்ந்துள்ள நிலைமின்சாரத்தை நீக்கிய பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும். நேற்றுத் தொட்டேன், இன்று வேண்டா என்று ஒருவர் கருதினால், அவ்வொருவரின் மறதி பலர் உயிரைக் கவர்ந்துவிடும். அங்கே நினைவு என்பது அறிவின் அணிகலன் மட்டுமன்று. அதுவே உயிர்க் காவல். அத்தொழிலாளரை நாள்தோறும் கண்டு வளர்ந்த இளைஞன், அவர்கள் ஒழுக்கத்தைத் தன் தொழிலிலும் மேற்கொண்டான். தன் அமைப்புகளை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, காமிராப் பையிலேயே வைத்தான். இரண்டு திங்களுக்கு ஒருமுறை மின்னூட்டிய மின்கலத்தை இட்டு ஒரு நாள் வைக்கும் வழக்கத்தை நாட்காட்டியிலும் குறித்துக்கொண்டான். எவ்வேலைக்குச் சென்றாலும், கருவியை இயக்கியவுடன் முதலில் நாளைப் பார்த்தான். பின்னர்த் திருகைப் பார்த்தான். அதன்பின் ஒரு படம் எடுத்துச் சோதித்தான்.

சில திங்கள் சென்றன. முன்னர் ஏமாற்றம் அடைந்த அதே உற்பத்தியாளர், மற்றொரு சோதனைக்கு அவனை அழைத்தார். இம்முறையும் வெடிகள் மூன்றே. இளைஞன் மாலையிலேயே சென்று, குறிப்பேட்டை விரித்து, ஒவ்வோர் அமைப்பையும் சரிபார்த்தான். இருள் பரந்தது. முதல் வெடி வானில் ஏறி, பொன்னிறக் கிளைகளை நாற்புறமும் விரித்து, மெல்லக் கவிழ்ந்து அணைந்தது. திரையை நோக்கிய உற்பத்தியாளர் ஒன்றும் பேசாமல் இளைஞனின் தோளைத் தட்டினார். ஒரு கிளையும் குறையாமல் அப்பூ அங்கே பதிந்திருந்தது. அதன் கீழே அன்றைய நாளும் சரியாகக் குறிக்கப்பெற்றிருந்தது.

கருவி மறந்தது என்று கூறுமுன், நாம் அதற்கு உணவளிக்க மறந்தோமா, பதிக்க மறந்தோமா, அது கூறியதைக் கேட்க மறந்தோமா என்று ஆராய்தல் வேண்டும். காரணம் அறிந்தவன் கருவியை வெறுப்பதில்லை. கருவி செய்தவனையும் பழிப்பதில்லை. சூலக்கரை இளைஞன் விற்றுவிட நினைத்த அப்பழைய காமிரா இன்றும் அவனிடமே இருக்கிறது.